இது யார் வயர்?

"இது யார் வயர்?"

ஏணி மேலிருந்து மேஸ்திரி நிஹாத் கேட்டார்.

எங்கள் சந்தில் மின்கம்பிகளைத் தரைக்கடியில் புதைக்கும் வேலை. பள்ளம் தோண்டி, கேபிள் இறக்கி, மணல் போட்டு மூடியாகிவிட்டது. தலைக்கு மேல் இருபது வருஷமாகச் சிக்குப்பிடித்துக் கிடந்த பழைய வயர்களை எடுப்பதுதான் பாக்கி. சொந்தக்காரர் கைதூக்குவார், மேஸ்திரி வெட்டுவார்.

கடைசியில் ஒரு கறுப்பு வயர் மிஞ்சியது. ஒரு முனை என் வீட்டுப் பக்கச் சன்னலுக்குள் போனது. மறுமுனை பக்கத்து வீட்டு அபூ தாஹாவின் மாடியில்.

"கேக்கவே வேணாம் மேஸ்திரி. திருட்டு வயர். என் கரண்டை உறிஞ்சுறாரு!" என்றேன்.

அபூ தாஹாவோடு எனக்கு நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. கார் நிறுத்தும் இடத்துக்காக வந்த சண்டை. யார் மேல் தப்பு என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர் வாசலில் தலை குனிந்தபடி நின்றார்.

பஸ்ராவின் ஆகஸ்ட் வெயில், மதியம் ஒரு மணி. இந்த வேலைக்காகக் காலையிலிருந்தே தெருவுக்குக் கரண்ட் இல்லை. பேட்டைக்குப் பொதுவான ஜெனரேட்டருக்கும் தினமும் பன்னிரண்டிலிருந்து மூணு வரை ஓய்வு. அபூ தாஹாவின் மாடியில் மட்டும் அவருடைய சொந்த ஜெனரேட்டர் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வழக்கமாக அந்த நேரத்தில் நான் கடையில் இருப்பேன். அன்று வேடிக்கை பார்க்கவென்றே கடையை அடைத்துவிட்டு, காலையிலிருந்து தெருவில் நின்றேன்.

"சொந்தமா ஜெனரேட்டர் இருக்கு. அப்பவும் அடுத்தவன் கரண்ட்ல கை வைக்கணுமா? நடக்க முடியாத எங்கம்மா உள்ள புழுங்கிக்கிட்டுக் கிடக்கா. இவருக்கு ஏசி கேக்குது!"

"அதான் அவர் வீட்டுத் தர்பூசணி கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கா?" என்றார் டீக்கடைக்காரர்.

சந்தே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று இன்னமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அபூ தாஹா மெதுவாகச் சொன்னார். "மேஸ்திரி, மூணு மணி வரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் நானே கழட்டிடறேன்."

"ஏன், அதுக்குள்ள சுருட்டி ஒளிச்சு வச்சுடலாம்னா?" என்றேன்.

"அபூ ஜினான்..." நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "மூணு மணி வரைக்கும்தான்."

"ஒரு நிமிஷம்கூட முடியாது. வெட்டுங்க மேஸ்திரி!"

மேஸ்திரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரப்பர் உறை மாட்டிய கையால் வெட்டினார். அறுந்த வயர் புதிதாக மூடிய மணல் மேல் விழுந்தது.

அபூ தாஹாவின் மாடி ஜெனரேட்டர் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வயர் போன என் வீட்டுப் பக்கச் சன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னப்பா அபூ தாஹா, ஃபேன் நின்னுபோச்சே! இன்னைக்கு டீசல் சீக்கிரமே தீர்ந்துடுச்சா?"