பிரம்புப் பின்னல்

சாந்தோமில் பள்ளி ஆசிரியராக இருந்த காஸ்பர், பின்னல்களையும் கட்டங்களையும் மட்டுமே படம் எடுப்பார். மீன்வலை, தரை ஓடு, ஜன்னல் கம்பி. மனைவி ஃப்ளோரா பலமுறை கேட்டும் அவளை எடுத்ததில்லை. "நீ ஆடிக்கிட்டே இருப்பே. ஃபிலிம் வீணாயிடும்" என்பார். 1943 மார்ச்சில் அவள் இறந்துபோனாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, நாற்காலி பின்னும் வலியுல்லா அவளுடைய நாற்காலிக்குப் புதுப் பிரம்பு போட்டுக் கொடுத்தார். அன்று மதியமே காஸ்பர் அந்தப் பின்னலைப் படம் எடுத்தார். படத்தில் அது நடுவில் குழிந்திருந்தது. குழிந்த இடம் மட்டும் கலங்கலாக இருந்தது.

வலியுல்லா படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை விரலால் தட்டினார். பிரம்பு விறைப்பாகத்தான் இருந்தது.

"நான் இழுத்துதான் கட்டிக்கீறேன் சார். படத்துல யாரோ குந்திக்கினு கீறாங்க."

யுத்தகாலம். காஸ்பரிடம் ஒரே ஒரு ஃபிலிம்தான் மிச்சம் இருந்தது. மறுநாள் நாற்காலியை ஜன்னலோரம் போட்டார்.

"கொஞ்சம் அசையாம இரு, ஃப்ளோரா" என்றார்.

படத்தைக் கழுவிப் பார்த்தார். அதே குழி. இம்முறை ஒவ்வொரு பிரம்பிழையும் தெளிவாக விழுந்திருந்தது. துளிகூட ஆட்டமில்லை.