பச்சை வளையம்

"கிரெட்சன், முகமூடியைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு! நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

கத்திவிட்டேன். கத்தாமல் என்ன செய்வது? அக்டோபர் முழுக்க ஒஹாயோ சோளக்காட்டில் பேய் வீடு நடத்துகிறவன் நான். ஹாலோவீனுக்கு டிக்கெட் போட்டு, பேய் வேஷக்காரர்களை விட்டு மனுஷர்களைப் பயமுறுத்துவதுதான் பிழைப்பு. அதற்காக, சக்கர நாற்காலியில் வந்த பெண்ணையா?

டெஸ்ஸா என்று பெயர், பதினாறு வயசு இருக்கும். சாயங்காலம் இரண்டு தோழிகளோடு வந்தாள். பார்த்ததுமே மனசு இளகிப்போச்சு எனக்கு.

ரொம்பப் பயப்படுகிறவர்கள் கேட்டால் கொடுக்கப் பச்சையாய் மினுங்கும் வளையம் வைத்திருக்கிறோம். அது கழுத்தில் இருந்தால் பேய்கள் கிட்டே வராது. நானே ஒன்றை எடுத்து டெஸ்ஸா கழுத்தில் மாட்டினேன். வாக்கிடாக்கியில் எல்லா அறைக்கும் சொன்னேன்.

"சக்கர நாற்காலி ஒண்ணு வருது. பாத்துப் பதமா நடந்துக்குங்க."

தங்கமான ஆட்கள். பிணம் பெட்டியை விட்டு எழவே இல்லை. சூனியக்காரி, "வாடி செல்லம்" என்று கதவைத் திறந்துவிட்டாளாம்.

கடைசி அறை கிரெட்சனுடையது. பகலில் ஸ்கூல் பஸ் ஓட்டுவாள். பொழுது சாய்ந்தால் பன்றி முகமூடியும், செயின் கழட்டின மரம் அறுக்கும் மெஷினுமாக நிற்பாள்.

திடீரென்று மெஷின் உறுமியது. சக்கர நாற்காலி வெளியே பறந்து வந்தது. பின்னாலேயே கிரெட்சன்! கார்கள் நிற்கிற இடம் வரைக்கும் விடவில்லை. அந்தப் பெண் போட்ட அலறலில் வரிசையில் நின்றவர்கள் வெலவெலத்துப் போனார்கள்.

"அடிப்பாவி! நடக்க முடியாத புள்ளைன்னுகூடப் பாக்கலையே!" என்றாள் ஒருத்தி.

எனக்கு மானம் போச்சு.

"நான் சொன்னது காதுல விழலையா கிரெட்சன்?"

"விழுந்துச்சு."

"வளையத்தைப் பாக்கலையா?"

"அவளே கழட்டி மடியில வெச்சிருந்தா. ஆமா வெர்னன், அதை அவ கேட்டாளா?"

"கேட்கணுமா? பார்த்தாலே தெரியலையா? போய் மன்னிப்புக் கேளு."

"மாட்டேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும். எனக்கு வருஷத்துல சந்தோஷமே இந்த ஒரு மாசம்தான், உனக்கே தெரியும். ஆனா ஏழு வருஷத்துல டிக்கெட் எடுத்தவங்க ஒருத்தரையும் நான் சும்மா அனுப்பினதில்ல. இவளை மட்டும் ஏமாத்தச் சொல்றியா? முடியாது."

என்ன திமிர் பாருங்கள்! அப்போதுதான் கிளம்பச் சொல்லிக் கத்தினேன். அதற்குள் நாற்காலி எங்களிடமே வந்து நின்றது. டெஸ்ஸா தலையெல்லாம் சோளச் சருகு, கண்ணெல்லாம் தண்ணீர்.

நான் குனிந்தேன். "மன்னிச்சுக்கம்மா. இந்த அம்மாவை வேலையை விட்டே நிறுத்திட்டேன்."

"ஐயையோ, ஏன் சார்?" பதறிப்போனாள். "நான் மறுபடி போகணும்னு டிக்கெட் எடுத்துட்டு வரேன்!"

"மறுபடியுமா?"

"உள்ள அத்தனை பேயும் என்னைப் பாத்து 'உச்' கொட்டுச்சு சார். அதுக்கு எங்க சித்திங்களே போதும். இவங்க ஒருத்தங்கதான் என்னை எல்லாரையும் போலத் துரத்தினாங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிக்குது."

கிரெட்சன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு தன் அறைக்கு நடந்தாள்.

டெஸ்ஸா மடியிலிருந்த பச்சை வளையத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இதை நீங்க மாட்டிக்குங்க சார். என்னைப் பாத்ததும் பயந்தது நீங்கதானே?"