தார் ரோட்டில் இழுக்கும் கார்

இந்தக் காலத்தில் கார் வாங்கியவனெல்லாம் மெக்கானிக். தன் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் பக்கவாட்டில் இழுக்கிறது என்று சுரங்க இஞ்சினியர் சிங்காரவேலு, நான் மெக்கானிக்காக இருக்கும் கம்பெனி ஷெட்டுக்கு மூணாவது வாட்டி வந்துவிட்டார். காத்து, பிரேக், ஸ்டீரிங் எல்லாம் பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருக்கிறது.

"டயர் அகலமுங்க. வண்டித்தடம் இருந்தா அதைப் புடிச்சிக்கினு ஓடும்."

"புது தார் ரோட்டுல ஏதுய்யா தடம்? இன்னைக்குச் சரியாகலன்னா ஷெட்டுக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். வளைவே இல்லாத ரோடு. ஸ்டீரிங் என் கையை மீறி இடது, வலது, மறுபடி இடது என்று திரும்பியது. சுரங்கத்துக்காகக் காலி பண்ணின எங்கள் ஊர் மேலேதான் இந்த ரோட்டைப் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஊருக்குள் மாட்டுவண்டி அப்படித்தான் போகும். என் வூடு இருந்த இடத்தில் கார் நின்றது. நான் பிரேக்கைத் தொடவில்லை.

"எறங்கிப் பாருய்யா."

இறங்கிப் பார்த்தேன். தார் மழமழவென்று இருந்தது.

"வேற ஆளையே போட்டுக்கங்க. ஆனா டயர்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.