பிரேக் போட்ட துப்பாக்கி

"கழட்டுங்க சார் அதை! இப்பவே கழட்டுங்க!"

வேலுமணி போட்ட சத்தத்தில் ரைஃபிள் கிளப்பே திரும்பிப் பார்த்தது. காதை இறுக்கி மூடியிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள் என்றால் பாருங்களேன்.

கோபம் வராமல் என்ன செய்யும்? பேர்லேண்ட் ஊரில் இருக்கிற வீட்டிலிருந்து விடிவதற்குள் கிளம்பி வந்து, முதல் ரவுண்டில் உட்கார்ந்து, மூச்சை அடக்கி, கடைசிக் குண்டுக்கு விரலை வைக்கிறார். சரியாக அப்போது பக்கத்து பெஞ்சில் ராமசுப்ரமணியன் சுட்டார். டமார்! வேலுமணியின் தொப்பி பறந்தது. மேஜைப் புழுதியெல்லாம் மூஞ்சியில் அடித்தது. திடுக்கிட்டதில் அவருடைய குண்டு டார்கெட் பக்கமே போகாமல் மண்மேட்டில் புதைந்தது.

எல்லாம் அந்த மஸில் பிரேக் பண்ணுகிற வேலை. துப்பாக்கிக் குழாயின் நுனியில் மாட்டுகிற, பக்கவாட்டில் ஓட்டை போட்ட இரும்புத் துண்டு. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்குமே, அந்த உதையை நன்றாகக் குறைத்துவிடும். ஆனால் வெடிக்காற்றை அப்படியே ரெண்டு பக்கமும் தள்ளிவிடும். சுடுகிறவர் தோளுக்குச் சுகம், பக்கத்தில் இருப்பவர் காதுக்குச் சனியன்.

"சாரி சார்" என்றார் ராமசுப்ரமணியன். "இன்னைக்கு மட்டும் கழட்ட முடியாது. கழட்டினா குண்டு படற இடம் மாறிடும்."

"உங்களுக்கு பாயிண்ட்தான் போகும். எனக்குக் காதே போகுதுங்க!"

ராமசுப்ரமணியனுக்கு ஜிம்மில் ஏற்றிய தோள், ஒவ்வொன்றும் பூசணிக்காய் சைஸ். அந்த உடம்புக்குப் பிரேக் ஒரு கேடா? போன மாதம் வரை இல்லாமல்தானே சுட்டார்?

மேட்ச் நடத்துகிற எழிலரசி ஓடி வந்தாள்.

"உங்க கோபம் நியாயம் சார். பிரேக் இருக்கான்னு நான் முன்னாடியே கேட்டிருக்கணும். நீங்க அந்த ஷாட்டைத் திரும்ப சுடுங்க. அடுத்த ரவுண்ட்ல பிரேக் போட்ட ரைஃபிளைக் கடைசி பெஞ்சுக்கு மாத்திடறேன். பக்கத்து பெஞ்சைக் காலியா விட்டுடறேன். ஓகேவா?"

ராமசுப்ரமணியன் உடனே தலையாட்டினார். கடைசி பெஞ்சில் நிழல்கூடக் கிடையாது.

வேலுமணிக்கு அது போதவில்லை.

"அதென்ன ஸ்பெஷல் கவனிப்பு? பிரேக்கே கூடாதுன்னு ரூல் போடுங்க! உதை தாங்க முடியாதவங்க எதுக்கு ரைஃபிளைத் தொடணும்? வீட்ல உட்கார்ந்து கேரம் ஆட வேண்டியதுதானே!"

சிலர் சிரித்தார்கள். வேலுமணிக்கு வேகம் கூடிவிட்டது.

"அதோ நிக்கிறாளே, என் ஒய்ஃப் சாரதா. ரெண்டு வருஷமா என் ரைஃபிள்லதான் சுடறா. இன்னைக்கு நல்லா சுட்டா கிளப் டீம்லயே இடம். பிரேக்கா வச்சிருக்கா? ஒரு நாள் ஆ, ஊன்னு முனகியிருப்பாளா? பொம்பளை அவளே தாங்கறா!"

சாரதா இடது கையில் பையோடு நின்றிருந்தாள். வலது தோளில் கார் கதவு இடித்துவிட்டதாம், கொஞ்ச நாளாக எதைத் தூக்கினாலும் இடது கைதான்.

"விடுங்களேன்… எழில் சொல்றது நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

"நீ சும்மா இரு. உன் காதுக்கும் சேர்த்துத்தான் பேசறேன்."

ராமசுப்ரமணியன் குனிந்து, கீழே கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"மேட்ச் நடுவுல ரூல் மாத்தறது சரியில்ல சார்" என்று எழிலரசி சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? வேலுமணி கை தூக்கச் சொன்னார். முக்கால்வாசிக் கைகள் மேலே போயின. அடுத்த ரவுண்டிலிருந்து பிரேக்குக்குத் தடை.

ராமசுப்ரமணியன் ரைஃபிளைப் பெட்டியில் வைத்து மூடினார்.

இரண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டார்கள். ஒரே துப்பாக்கியை ரவுண்டுக்கு ஒருவராக ரெண்டு பேர் பயன்படுத்துவது அங்கே சகஜம். ஜெயித்த முகத்தோடு வேலுமணி தன்னுடையதைச் சாரதாவிடம் நீட்டினார்.

"போ, டீம்ல இடம் பிடி. இனிமே எவனும் உன் பக்கத்துல டமார்னு அடிக்க மாட்டான்."

சாரதா கை நீட்டவில்லை. எழிலரசியிடம் திரும்பினாள்.

"என் பேரை எடுத்துடு எழில். நான் இன்னைக்கு ராம் அண்ணா ரைஃபிள்ல சுடறதா இருந்தேன்."

"என்னது?" என்றார் வேலுமணி.

"பிரேக் அவருக்கு இல்லைங்க, எனக்கு. நான் கேட்டுத்தான் மாட்டினார். நடுவுல கழட்டினா என் ரவுண்ட்ல குண்டு எங்கே போகும்னே தெரியாது, அதான் கழட்டல. யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணான்னு கெஞ்சினேன். அதுக்காக உங்ககிட்ட இவ்வளவு பேச்சு வாங்கிட்டு நிக்கிறார்."

"உனக்கு எதுக்கு பிரேக்?"

சாரதா டி-ஷர்ட் கழுத்தை லேசாக விலக்கினாள். தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

"இடிச்சது கார் கதவு இல்லைங்க, உங்க ரைஃபிள். வலிக்குதுன்னு சொன்னா என்னையும் கேரம் ஆடச் சொல்வீங்கன்னுதான் சொல்லல."