இடமிருந்து வலம் பன்னிரண்டு

“இடமிருந்து வலம் பன்னிரண்டு. சிங்கவரத்தில் படுத்தே கிடப்பவர். ஆறு எழுத்து” என்றார் தபால்காரர் துரைக்கண்ணு.

“உன் மச்சானா?” என்றார் காஸ்பர்.

“அவன் பேரு ராஜாராம், ஐயா. நாலெழுத்துதான்.”

“அப்போ ரங்கநாதர். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சாமியார்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். எழுது.”

துரைக்கண்ணு வெறும் காகிதத்தில் பென்சிலை நகர்த்தினார்.

காஸ்பர் தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தா. இரண்டு வருஷமாகக் கண் தெரியாது. சென்னையிலிருந்து பத்திரிகை வருகிற நாளில் மட்டும், குறுக்கெழுத்துக்காகச் சவரம் செய்துகொள்வார்.

யுத்தத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பத்திரிகை குறுக்கெழுத்தை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது.

அதைச் சொல்லத் துரைக்கண்ணுவுக்கு வாய் வரவில்லை. சைக்கிள் மிதித்துக்கொண்டே தாமே கேள்விகளைத் தயாரித்தார். இந்த மாதிரிப் பொய்களைக் கடவுள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது அவர் நம்பிக்கை.

இன்று சிங்கவரம் சாலையில் எதிர்க்காற்று. மூச்சு வாங்கியதில் கண்ணில் பட்ட கோயிலையே கேள்வியாக்கிவிட்டார்.

காஸ்பர் தலையை நிமிர்த்தினார்.

“ஏம்ப்பா, நம்ம பக்கத்து ஊரு சாமி மெட்ராஸ்காரனுக்கு எப்படித் தெரியும்?”

பென்சில் நின்றது. இனி எந்த வாரமும் இந்த முகத்தில் சவரக் கத்தி படாது என்று துரைக்கண்ணுவுக்குத் தோன்றியது.

“பெரிய படிப்புப் படிச்சவங்க, ஐயா.”

“படிச்சவனா? ஒரு கார்டு எடு. ஆசிரியருக்கு எழுது.”

ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதித் தருபவரும் துரைக்கண்ணுதான். எடுத்தார்.

காஸ்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கேள்வி போடுற உங்க ஆளு ஒரு மடையன். போன வாரம் கழுதைக்கு மூணு கட்டம் போதும், நாலு போட்டுட்டான். தன்னையும் சேர்த்து எண்ணிட்டான் போல.”

துரைக்கண்ணு அழகான கையெழுத்தில் தம்மைத் தாமே திட்டி எழுதினார். ‘மடையன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சிறிதாக எழுதினார்.

“ஆனா நிறுத்திடச் சொல்லாதீங்க. இப்படிக்கு, காஸ்பர்.”

துரைக்கண்ணு கார்டைத் திருப்பி, விலாசம் எழுதப் போனார்.

“விலாசம் வேணாம்” என்றார் காஸ்பர், வழவழப்பான மோவாயைத் தடவிக்கொண்டே. “போய்ச் சேர்ந்துடுச்சி. அடுத்ததைப் படி.”