அக்கா வீட்டுக்காரர் கடையில் சோதனை

வரித்துறை அதிகாரி, சொந்த அக்கா வீட்டுக்காரர் கடையிலேயே சோதனை போட்டுவிட்டான். தெரு முழுக்க அதுதான் பேச்சு.

சிகரெட்டுக்கு வரி ஏறியதிலிருந்து கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. விலையைக் கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வேன்காரன், வரி முத்திரை இல்லாத கள்ளச் சரக்கைப் பாதி விலைக்கு இறக்கினான். கடைக்காரரும் வாங்கி பிஸ்கட் டின்களுக்குப் பின்னால் அடுக்கிவைத்தார்.

மச்சினன் இரண்டு ஆட்களோடு வந்தான். நேராகப் போய் அந்த டின்களைத்தான் நகர்த்தினான்.

"ஊரே இதைத்தான் விக்குது. உன் கண்ணுக்கு என் கடைதான் பட்டுச்சா மச்சான்?"

"புகார் வந்தா வந்துதானே ஆகணும் அத்தான்" என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல்.

புகார் யார் கொடுத்தது என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாது என்றுவிட்டான். அவர் எதிர்க்கடைக்காரரை முறைத்தார். அந்த மனுஷன் பாவம், ஒன்றும் புரியாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

சத்தம் கேட்டு அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். தூக்கி வளர்த்ததற்கு நல்ல கைம்மாறு செய்துவிட்டாய் என்றாள். இனி இந்தப் படி ஏறாதே என்றாள். மனைவி இப்படிப் பேசிக் கேட்டிராத கடைக்காரருக்கே சங்கடமாகிவிட்டது. பாவம் விடு, அவன் வேலை அது என்றார்.

தம்பி நோட்டீஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பின்வாசலில் நின்ற ஜீப்பில் பெட்டிகளை ஏற்றினான்.

அக்கா அங்கேயும் வந்து நின்றாள். முன்பக்கம் கணவர் இருமுவது கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அபராதம் பெருசுக்கா" என்றான் மெதுவாக.

"போகட்டும்டா. ஆள் இருந்தா சம்பாதிச்சுக்கலாம். விலை ஏறினப்போ உன் அத்தான் நாளைக்கு ரெண்டு சிகரெட்டுன்னு குறைச்சிருந்தார். நானும் வரி போட்டவங்களை மனசார வாழ்த்தினேன். இந்த மலிவுச் சரக்கு வந்து, மறுபடியும் பாக்கெட் பாக்கெட்டா ஊத ஆரம்பிச்சிட்டார்."

தம்பி தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"பரண்ல இன்னும் ரெண்டு பெட்டி இருக்குன்னு நேத்து போன்லயே சொன்னேனேடா, அதை யாருக்கு விட்டுட்டுப் போற?"