நாலு மணி ஓட்டம்

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் குமாரபாளையம் வந்து, தறிக்காரர் சரவணமுத்துவின் நெஞ்சில் பட்டையும் கையில் வெளிநாட்டுக் கடிகாரமும் கட்டிவிட்டுப் போயிருந்தார். தறி ஓட்ட எத்தனை கலோரி செலவாகிறது என்று இதயத் துடிப்பை வைத்துக் கணக்கிடும் ஆராய்ச்சி.

மறுநாள் கணக்கைப் பார்த்தவருக்கு எரிச்சல் வந்தது.

"தறியில தொண்ணூறு துடிப்பு, சரி. நாலு மணிக்கு நூத்தி நாப்பதுக்கு ஏறி, ஒரு மணி நேரம் இறங்கவே இல்லையே! அறுநூறு கலோரி! இதைக் கட்டிக்கிட்டு எங்கே ஓடுனீங்க?"

"ஓடலீங்க. ஊட்டுல சும்மா உக்காந்திருந்தனுங்க."

"உக்காந்திருந்தா இப்படி ஏறுமா?"

"எம்புள்ளையப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. புடிச்சிருந்தா தலையில வெச்சுட்டுப் போறதுக்கு, மாப்பிள்ளையோட அம்மா மடியில பூப்பொட்டலம் இருந்துச்சு. அதையவே பாத்துக்கிட்டு இருந்தனுங்க."

பேராசிரியர் மறுபடி தாளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அஞ்சு மணிக்குத் தொண்ணூறுக்கு இறங்கிடுச்சே! பூ வெச்சுட்டாங்களா?"

"இல்லீங்க. பொட்டலத்தப் பிரிக்காமயே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நான் தறிக்குப் போயிட்டனுங்க."